பிரிட்டனில் பழைய மோட்டார்ஹோம் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார்ஹோம் வாங்குவது ஒரே நாளில் ஒரு வேனும் ஒரு வீடும் வாங்குவது. வேன் பகுதியைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எல்லோருக்கும் ஒருவராவது இருப்பார். வீட்டுப் பகுதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எஞ்சின் கெட்டால் சரிசெய்யலாம், கணக்கும் ஓரளவு தெரியும். சுவருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் கணக்கே கிடையாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒரு கவலையைச் சுற்றித்தான் வருகின்றன.

வண்டியை நேரில் பார்க்கும் முன் வீட்டிலிருந்தே என்ன சரிபார்க்கலாம்?

முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. அந்த எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்தரச் சாலைத் தகுதிச் சோதனையின் வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனையின்போதும் எத்தனை மைல் ஓடியிருந்தது, எதில் தோற்றது, 'இப்போதைக்குத் தேறியது, ஆனால் கவனிக்கவும்' என்று எதைக் குறித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் முதலில் படிப்பது அந்தக் 'கவனிக்கவும்' குறிப்புகளைத்தான். அடிப்பக்கத் துருவைப் பற்றி ஒரே குறிப்பு வருடா வருடம் திரும்பத் திரும்ப வந்திருந்தால், உரிமையாளர் வண்டியை எப்படி வைத்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

எம்.ஓ.டி. பார்ப்பது சாலையில் ஓடத் தகுதி உண்டா என்பதை மட்டும். கூரை ஒழுகுகிறதா, ஹீட்டர் எரிகிறதா என்பதெல்லாம் அதில் வராது. 'புது எம்.ஓ.டி. போட்டுத் தருகிறேன்' என்ற பேச்சை அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

அடுத்து, சிறு கட்டணம் கட்டி வாகன வரலாற்றுச் சோதனை. கடன் பாக்கி இருக்கிறதா, திருட்டு வண்டியா, காப்பீட்டு நிறுவனம் கழித்துக்கட்டிய வண்டியா என்று அதில் தெரியும். அப்படிக் கழித்த வண்டிகளில் 'கேட் எஸ்' பிரிவு என்றால் விபத்தில் உடற்கட்டமைப்பு அடிபட்டது. 'கேட் என்' என்றால் கட்டமைப்பு தவிர மற்றவை. கேட் எஸ் மோட்டார்ஹோமை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

லாக்புக் எனப்படும் வி5சி ஆவணத்தில் இருப்பது பதிவு செய்யப்பட்ட பொறுப்பாளரின் பெயர். அது உரிமைக்கு அத்தாட்சி இல்லை என்பதால், அவர் வாங்கியபோது பெற்ற ரசீதையும் கேளுங்கள். வண்டியை அந்த லாக்புக்கில் உள்ள முகவரியில்தான் போய்ப் பாருங்கள். மோட்டார்வே ஓய்விடத்தில் சந்திக்கலாம் என்றால், வேண்டாம்.

லண்டனில் இருக்கிறேன். ஏதாவது கூடுதலாகப் பார்க்க வேண்டுமா?

யூலெஸ், அதாவது அதிகம் புகை விடும் வண்டிகளுக்கு லண்டனில் நாள் கட்டணம் விதிக்கும் மண்டலம். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (நகராட்சிப் பகுதிகளுக்கும்) வந்துவிட்டது. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று எங்கே நிறுத்தினாலும், டீசல் வண்டி யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லையென்றால் எடுத்து ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. இது 3,500 கிலோ வரையிலான வண்டிகளுக்கு. அதற்கு மேற்பட்டவற்றுக்குத் தனி விதி, கட்டணமும் கூடுதல். லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் பதில் வந்துவிடும். லண்டனுக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் பழைய வண்டிகள் சில ஏன் மலிவு என்பதும் அப்போது புரியும்.

என் கார் லைசென்ஸில் எந்த வண்டியையும் ஓட்டலாமா?

1997 ஜனவரி 1-க்கு முன் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு சி1 பிரிவும் சேர்ந்தே கிடைத்தது. 7,500 கிலோ வரை ஓட்டலாம். 70 வயதுக்குப் பிறகு அதைத் தக்கவைக்க மருத்துவச் சான்று வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு பாஸ் செய்தவர்களுக்கு பி பிரிவு மட்டும், அதாவது 3,500 கிலோ வரை. இந்திய, இலங்கை லைசென்ஸ்களை நேரடியாக மாற்றிக்கொள்ள இங்கே வழியில்லை என்பதால், நம்மவர்களில் பெரும்பாலோர் இங்கு வந்து டெஸ்ட் எழுதி பி பிரிவில்தான் இருக்கிறார்கள்.

கணக்கு, வண்டி அன்று எவ்வளவு எடை இருந்தது என்பதை வைத்து இல்லை. வண்டியில் பதித்திருக்கும் எடைத் தகட்டில் பொறித்துள்ள உச்ச எடைதான் கணக்கு. தகடு 3,850 என்று சொன்னால், காலியாக ஓட்டினாலும் பி பிரிவுக்காரர் ஓட்டக்கூடாது. ஒரு வண்டியில் இரண்டு தகடுகள் இருக்கலாம்: வேன் தயாரித்தவருடையது ஒன்று, மேலே வீடு கட்டிய நிறுவனத்துடையது ஒன்று. வீடு கட்டியவரின் தகட்டைத்தான் பார்க்க வேண்டும்.

எடை பற்றி எல்லோரும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

3,500 கிலோ வண்டிகளில் சாமான் ஏற்ற மிச்சம் இருப்பது மிகக் குறைவு என்பதால். ஓடும் நிலையில் எடை 3,100 என்று புத்தகத்தில் இருந்தால் மிச்சம் 400 கிலோ. ஓட்டுநருக்கு 75 கிலோ அதில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் 200 கிலோ போயிற்று. தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. தயாரிப்பாளர் கணக்கில் சில சமயம் 20 லிட்டர் மட்டுமே சேர்த்திருப்பார்கள். முன்பு இருந்தவர் போட்ட ஆனிங் (பக்கவாட்டில் விரியும் நிழல் துணி), சோலார் பலகை, இரண்டாவது பேட்டரி, சைக்கிள் மாட்டும் சட்டம் எல்லாம் இதே 400-இல்தான் அடங்க வேண்டும். அரிசி மூட்டையும் இடியாப்ப உரலும் அப்புறம்.

விற்பவரிடம் எடைமேடைச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஓட்டிப் பார்க்கும் வழியில் ஒரு பொது எடைமேடையில் ஏற்றிவிடலாம். செலவு அதிகமில்லை. பின் அச்சுக்கு மட்டும் தனியாக எடை எடுங்கள். பின்பக்கம் நீண்டு, அடியில் பெரிய சாமான் அறை உள்ள வண்டிகளில் மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் மீறியிருக்கும்.

எந்த நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது?

பகல் வெளிச்சத்தில், இரண்டு நாள் மழைக்கு மறுநாள். மழை பெய்துகொண்டிருக்கும்போது பார்த்தால் வெளிப்பக்கக் கீறலும் விரிசலும் கண்ணில் படாது. மாதக்கணக்கில் வெயில் அடித்தபின் பார்த்தால் ஓதம் காய்ந்து கிடக்கும். கூரைக்கடியில் நிறுத்தி வைத்த வண்டி என்றால் இன்னும் சந்தேகத்தோடு பாருங்கள்.

'நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஃபிரிட்ஜை மட்டும் காலையிலேயே போட்டு வையுங்கள், டாங்கில் தண்ணீர் நிரப்பி வையுங்கள்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவசரம் காட்டாதீர்கள். இரண்டு மணி நேரமாவது ஆகும்.

ஈரக்கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கதவைத் திறந்ததும் மூக்கு. பூட்டிக் கிடந்த பழைய வீட்டின் புழுங்கல் வாடை அடித்தால் காரணம் தேடுங்கள். வாசனைத் திரவம் கண்மண் தெரியாமல் அடித்திருந்தாலும் அப்படியே.

எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ள, சுவரின் கட்டமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோச்பில்ட் எனப்படும் வகையில் வெளியே அலுமினியம் அல்லது ஃபைபர் தகடு, நடுவே நுரைப்பலகை, உள்ளே மெல்லிய பிளைவுட், அதன்மேல் காகிதம் ஒட்டியது. பழைய வண்டிகளில் இதற்குள் மரச்சட்டமும் உண்டு. தகடுகள் சேரும் ஒவ்வொரு மூலையிலும், ஜன்னல், கூரைத் திறப்பு, பின் விளக்கு என்று துளை போட்ட ஒவ்வொரு இடத்திலும் தண்ணீரைத் தடுப்பது ஒரு வரி சீலன்ட். வண்டி ஓடும்போது உடல் முறுகுகிறது, சீலன்ட் வயதாகி வெடிக்கிறது, தண்ணீர் மரத்துக்குள் போகிறது. வெளியே தெரிவதற்கு வருடங்கள் ஆகலாம்.

உள்ளே, எல்லா அலமாரிகளையும் திறந்து, மெத்தைகளைத் தூக்கிவிட்டு, கட்டை விரலால் சுவரை அழுத்திக்கொண்டே போங்கள். ஜன்னலின் கீழ் மூலைகள் இரண்டும், கூரைத் திறப்பைச் சுற்றி நான்கு பக்கமும், பின் சுவர் தரையைத் தொடும் இடமும், ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை உள்ள வண்டி என்றால் அந்தப் படுக்கையின் முன் மூலைகளும் முக்கியம். நல்ல பலகை விரலுக்கு இடம் கொடுக்காது. ஊறிய பலகை மெத்தென்று உள்ளே போகும், சில சமயம் சரசரவென்று காகிதம் நொறுங்கும் சத்தம் கூட வரும். பழுப்புக் கறை, கரும்புள்ளிகள், காகிதத்தில் சுருக்கம், துரு வழிந்த திருகு, இவற்றில் எது இருந்தாலும் நின்று பாருங்கள். ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுக் காகிதம் ஒட்டியிருந்தால், அல்லது வேறெங்கும் இல்லாத ஒரு அழகுப் பட்டையை ஒரே இடத்தில் மட்டும் வைத்து மறைத்திருந்தால், ஏன் என்று நேராகவே கேளுங்கள்.

தரையில் வெறும் காலோடு நடங்கள். வாசல்படி உள்பக்கம், சிங்க் முன்னால், குளியலறை வாசல் என்று அதிகம் மிதிபடும் இடங்களில் தரை அமுங்கினால் ஒட்டியிருந்த அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று பொருள். இது சில சமயம் வெறும் பசை விட்டுப்போனதாக இருக்கும், துளை போட்டுப் பிசின் செலுத்திச் சரிசெய்யலாம். ஈரத்தை அளக்கும் மீட்டரும் அதே இடத்தில் அதிகம் காட்டினால் மரமே மக்கியிருக்கலாம். ஷவர் தட்டில் ஏறி நின்று எடையை மாற்றி மாற்றிப் போடுங்கள். மயிரிழை விரிசல் அப்போதுதான் வாய் திறக்கும்.

வெளியே ஏணி கேட்டுக் கூரையைப் பாருங்கள். பழைய சீலன்ட்மேல் புதிதாக அள்ளி அப்பியிருந்தால் அது சிகிச்சை ஆகாது. ஒழுகியிருக்கிறது என்பதற்கான வாக்குமூலம். அலுமினியத் தகட்டில் சின்னச் சின்னக் கொப்புளங்களும் வெள்ளைப் பொடியும் தெரிந்தால், உள்ளே இருந்து ஈரம் அரிக்கிறது.

ஈர மீட்டர் வாங்கலாமா? எண்களை எப்படிப் படிப்பது?

வாங்கலாம், விலை குறைவுதான். ஊசி உள்ளது என்றால் விற்பவரிடம் கேட்டுவிட்டு, அலமாரிக்குள் மறைவான இடத்தில் குத்துங்கள். 15 சதவீதம் வரை கவலையில்லை. 15 முதல் 20 வரை கண் வைத்திருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். 30-க்கு மேல் என்றால் உள்ளே மரம் கெட ஆரம்பித்திருக்கும்.

தனி ஒரு எண்ணைவிட வித்தியாசம் முக்கியம். வண்டி முழுக்க 12 காட்டும் மீட்டர் ஒரு ஜன்னல் மூலையில் 24 காட்டினால் விஷயம் அங்கேதான். குளிர்காலக் காலையில் உள்ளே மூச்சுக்காற்று படிந்திருந்தால் மேற்பரப்பு அளவு எங்கும் கொஞ்சம் கூடித் தெரியும். உலோகத்தின் பக்கத்தில் வைத்தால் மீட்டர் பொய் சொல்லும்.

எஞ்சின் பகுதியில் என்ன பார்ப்பது?

ஐரோப்பாவில் ஓடும் மோட்டார்ஹோம்களில் பெரும்பகுதி ஃபியட் டுகாட்டோவின் மேல் கட்டியவை. பெஜோ பாக்சர், சிட்ரன் ரிலே இரண்டும் அதே உடன்பிறப்புகள். இத்தாலியின் அடெஸா ஆலையில் சேர்ந்து பிறந்தவை. 2006-இல் வந்த தலைமுறையில் இரண்டு பிரச்சினைகள் பிரபலம். ஒன்று, முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் வடிகாலிலிருந்து தண்ணீர் நேராக எஞ்சின்மேல் சொட்டி இன்ஜெக்டர்களைத் துருப்பிடிக்க வைக்கும். பானெட்டைத் திறந்து பார்த்தால் வழிந்த தடம் தெரியும். இன்னொன்று, ஆரம்பகால வண்டிகள் மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது உதறும். ஆகவே சரிவில் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள்.

ஃபியட்டின் 2.3 லிட்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட். மைல் ஓடாவிட்டாலும் வயதுக்காக மாற்ற வேண்டியது அது. மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

20 வயது வண்டி, 25,000 மைல்தான் ஓடியிருக்கிறது. அதிர்ஷ்டமா?

இருக்கலாம். ஓடாமல் நின்ற வண்டியில் பிரேக் பிடித்துக்கொள்ளும், பேட்டரி சாகும், ரப்பர் எல்லாம் காயும். வருடா வருடம் சர்வீஸ் செய்த 60,000 மைல் வண்டியை நான் யோசிக்காமல் தேர்ந்தெடுப்பேன். டயரில் இது கண்கூடாகத் தெரியும்: சாலையைத் தொடும் வரிப்பள்ளமெல்லாம் புதிது மாதிரி இருக்கும், பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற குறிக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது. ஏழு வயதைத் தாண்டியிருந்தால் முழு செட்டுக்கான விலையைக் கழித்துப் பேசுங்கள். உதிரிச் சக்கரத்தையும் மறக்காதீர்கள், இருந்தால்.

கேஸ், ஃபிரிட்ஜ், சுடுதண்ணீர் இவற்றைச் சோதிப்பது எப்படி?

எல்லாவற்றையும் உங்கள் கண்முன்னே ஓட்டச் சொல்லுங்கள். 'போன வாரம் வேலை செய்தது' என்பதெல்லாம் சோதனை ஆகாது.

அடுப்பின் ஒவ்வொரு பர்னரையும் பற்ற வையுங்கள். தீ நீலமாக நிற்க வேண்டும். சிலிண்டர் பெட்டியில் ரப்பர் குழாயின்மேல் தேதி அச்சடித்திருக்கும், பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் கீழே இறங்கி வெளியேற தரையில் துளைகள் விட்டிருப்பார்கள். குளிர் வருகிறது என்று அதைத் துணியால் அடைத்து வைத்திருக்கும் புத்திசாலிகள் உண்டு. கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்றும் பாருங்கள். குளிர்காலத்திலும் போவீர்கள் என்றால் புரொப்பேன் சிலிண்டர்தான் வேண்டும். பியூட்டேன் பூஜ்யம் டிகிரி பக்கத்தில் ஆவியாகாமல் முரண்டு பிடிக்கும்.

பழைய வண்டிகளின் ஃபிரிட்ஜ் பெரும்பாலும் மூன்று வழி: கேஸ், வீட்டு மின்சாரம், 12 வோல்ட். இதில் கம்ப்ரசர் இல்லை, சத்தமே வராது, குளிர பல மணி நேரம் எடுக்கும். அதனால்தான் காலையிலேயே போடச் சொன்னது. கேஸில் குளிர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மின்சாரத்துக்கும் மாற்றிப் பாருங்கள். 12 வோல்ட்டில் ஃபிரிட்ஜ் ஓடுவது எஞ்சின் ஓடும்போது மட்டும்தான்.

தண்ணீர்தான் இங்கே அதிகம் ஏமாற்றும் இடம். 'உறைபனிக்காக இறக்கிவிட்டேன்' என்று சொல்வார்கள், அது நியாயமும்கூட. ஆனால் இறக்காமல் விட்ட ஒரு குளிர்காலம் போதும், குழாய், பம்ப், பாய்லர் எல்லாம் வெடிக்க. பத்து லிட்டராவது ஊற்றிப் பம்பைப் போடச் சொல்லுங்கள். குழாய்களை மூடியபின் பம்ப் நின்றுவிட வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்' என்று தானாகத் துடித்தால் எங்கேயோ கசிகிறது. ட்ரூமா நிறுவனத்தின் பாய்லர் உள்ள பல வண்டிகளில் 3 டிகிரிப் பக்கம் வெப்பம் இறங்கினால் வால்வு தானே திறந்து தண்ணீரைக் கீழே விட்டுவிடும். அது பழுது இல்லை, பயப்பட வேண்டாம்.

மின்சாரம்?

வெளியே நீல நிற 16 ஆம்ப் பிளக்கில் இணைத்து எல்லாப் பாயின்டும் வேலை செய்கிறதா பாருங்கள். மின்கசிவு வந்தால் தானே அணையும் ஆர்சிடி சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் சட்டென்று விழ வேண்டும். பிறகு இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் பேட்டரி அளவைப் பார்த்தால் சார்ஜரின் 13, 14 வோல்ட்தான் தெரியும், பேட்டரி செத்துக் கிடந்தாலும். கழற்றிய நிலையில் விளக்குகளையும் பம்பையும் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். சாதாரண பேட்டரி நிறைந்திருந்தால் 12.7 பக்கம் காட்டும், 12.2 என்றால் பாதி காலி. அரைமணியில் மளமளவென்று இறங்கினால் புது பேட்டரி வாங்க வேண்டியிருக்கும்.

ஆறு பேர் படுக்கலாம் என்கிறார்கள். ஆறு பேர் போகலாமா?

பெல்ட்டை எண்ணுங்கள். ஆறு படுக்கையும் நான்கு பெல்ட்டும் உள்ள வண்டிகள் தாராளமாக உண்டு. படுக்கையை விரித்து, உண்மையிலேயே படுத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

வேனை வாங்கி யாரோ தாங்களே வீடாக மாற்றியது. வாங்கலாமா?

கேஸும் மின்சாரமும் யார் போட்டார்கள் என்பதற்குச் சான்று இருந்தால் யோசிக்கலாம். லாக்புக்கில் உடல்வகை மோட்டார் கேரவன் என்று இருக்கிறதா, வேன் என்றே இருக்கிறதா பாருங்கள். வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசுத் துறையான டிவிஎல்ஏ இப்போது அதை எளிதாக மாற்றிக் கொடுப்பதில்லை. காப்பீடு எடுக்கும் முன் நிறுவனத்திடம் கேட்டுவிடுவது உத்தமம்.

நிபுணரை வைத்துப் பார்க்க வேண்டுமா?

வேண்டும். ஹேபிடேஷன் செக் என்று வீட்டுப் பகுதிக்கென்றே தனிச் சோதனை உண்டு: கேஸ், மின்சாரம், காற்றோட்டம், ஈரம். அதைச் செய்யும் பொறியாளர்களில் சிலர் வண்டி நிற்கும் இடத்துக்கே வருவார்கள். விற்பவர் காட்டும் அறிக்கையில் மீட்டர் எண்கள் வரைபடத்தோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் 'டிக்' போட்ட தாள் எதற்கும் உதவாது. இன்னொன்று: பல தயாரிப்பாளர்கள் உடற்கட்டுக்குத் தரும் நீண்ட உத்தரவாதம், வருடந்தோறும் ஈரச் சோதனை செய்திருந்தால்தான் செல்லும். ஒரு வருடம் விட்டிருந்தால்கூட அது செல்லாமல் போயிருக்கலாம் என்பதால், 'இன்னும் உத்தரவாதம் இருக்கிறது' என்று சொன்னால் அதைக் காகிதத்தில் கேளுங்கள்.

டீலரிடமா, தனியாரிடமா?

தனியாரிடம் விலை குறையும், பாதுகாப்பும் குறையும். டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். தனியார் விற்பனையில் அவர் சொன்ன விவரத்துக்கு வண்டி பொருந்த வேண்டும், அவ்வளவே. ஆகவே சொல்ல வையுங்கள்: 'ஈரக்கசிவு ஏதும் இருந்ததா, எதையாவது பழுதுபார்த்தீர்களா?' என்று மெசேஜில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

டீலரிடம் கட்டும்போது ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வங்கியும் சேர்ந்து பொறுப்பேற்கும். ஆனால் வண்டி விலை 30,000 பவுண்டைத் தாண்டினால் அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது.

குறைகள் தெரிகின்றன, வண்டியும் பிடித்திருக்கிறது. எப்படிப் பேரம் பேசுவது?

டயர், பெல்ட், பேட்டரி, ஃபிரிட்ஜ் இவற்றுக்கெல்லாம் விலை உண்டு. இரண்டு கடையில் விசாரித்து அந்தத் தொகையைச் சொல்லிக் குறைக்கக் கேளுங்கள். ஈரத்துக்கு அப்படி விலை போட முடியாது. சுவரைப் பிரிக்கும்வரை எவ்வளவு தூரம் மக்கியிருக்கிறது என்பது பணிமனைக்காரருக்கே தெரியாது, பில் பல ஆயிரம் பவுண்டுக்குப் போகலாம். விற்பவர் 2,000 குறைக்கிறேன் என்று உடனே சொன்னால் அவருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கிறது.

முன்பணம் கொடுப்பதாக இருந்தால் சிறிதாகக் கொடுங்கள். 'ஹேபிடேஷன் செக்கில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் வந்தால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்' என்று ரசீதிலேயே எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு மறுப்பவரிடம் மீதிப் பணத்தைக் கொண்டுபோக வேண்டாம்.